நான்கு நிமிடம் குறைவு

நாளைக்கு ஒருநாள் மட்டும்
கொஞ்சம் முடியாதவராக இருங்கள் அப்பா என்றேன்.
மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் தலையாட்டினார்.
எனக்கா, முள்ளுக்கா, தெரியவில்லை.

காலையில் பார்த்தால்
முகம் மழித்து, பழைய தொப்பியை வைத்துக்கொண்டு
வாசலில் விறைப்பாக நிற்கிறார்.
முப்பத்தெட்டு வருஷம்
நொஷிரோவுக்கு வடக்கே ஒரு சின்ன நிலையத்தில்
ரயில்களை நேரத்துக்கு அனுப்பியவர்.
அதிகாரி வருகிறார் என்றால்
அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நகராட்சியிலிருந்து வந்த பெண் குடோ.
காலுறையில் ஓட்டை, அதை மறைத்து உட்கார்ந்தாள்.
நல்லவள்தான்.
கையைத் தூக்குங்கள். தூக்கினார்.
ஒற்றைக் காலில் நில்லுங்கள்.
நின்றார், கொக்கு தோற்றது.
பிறந்த தேதி? சொன்னார்.
இது என்ன பருவம்?
ஜன்னலில் பாதிவரை ஏறியிருந்த பனியைக் காட்டி
"வழி கண்டுபிடித்துத்தானே வந்தீர்கள்?" என்றார்.

பேனா, கடிகாரம், தாள்.
மூன்றையும் மேசையில் காட்டி எடுத்து வைத்துவிட்டு
வேறு ஏதோ பேசினாள்.
பிறகு இரண்டை மட்டும் வைத்து
எது இல்லை என்றாள்.
"கடிகாரம்.
நீங்கள் அதை எடுத்து ஆறு நிமிடம் ஆகிறது."

செருப்பு மாட்டும் இடத்தில் அவளை நிறுத்தி
மீதியைக் குரல் தாழ்த்திச் சொன்னேன்:
விடியற்காலை நாலு நாற்பதுக்கு எழுந்து
நின்றுபோன வண்டிக்குக் கொடி காட்டுவது,
துணி அலமாரியைக் கழிப்பறை என்று நினைப்பது,
என்னைப் பார்த்து, அம்மா நீங்கள் எங்கே இறங்கவேண்டும் என்பது,
போன மாதம் அடுப்பு.
எழுதிக்கொண்டாள்.
கடைசிப் பக்கத்தில்.

இந்த நாட்டில் முதுமையை நிமிடத்தில் அளக்கிறார்கள்.
ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு
எத்தனை நிமிடப் பராமரிப்பு என்று கணினி கூட்டும்.
எழுபதைத் தொட்டால் மூன்றாம் படி.
அரசுப் பணம் வரும் இல்லத்து வரிசையில்
நிற்பதற்கே அந்தப் படி வேண்டும்.
வந்த கடிதத்தில் இரண்டு என்றிருந்தது.
விண்ணப்பம் போட்டு உள்கணக்கை வாங்கிப் பார்த்தேன்.
அறுபத்தாறு.

ஒருமுறை புயலில் வண்டி நான்கு நிமிடம் பிந்தியதற்கு
தலைமை அலுவலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவர்
என் அப்பா ஹதகெயாமா கின்சாகு.

தனியார் இல்லம் மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென்.
அவர் ஓய்வூதியம் ஒரு லட்சத்து முப்பது.
சைதாமாவில் பார்த்த வேலையை விட்டு வந்து
எனக்கு மூன்று வருஷம்.
வேலை இருந்தால் அவரை அங்கே விடலாம்,
அங்கே விட்டால் வேலைக்குப் போகலாம்.
நாற்பது வயதிலிருந்து
இதற்கென்றுதான் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்,
கணக்கெல்லாம் பார்த்துத் தரும் நருமி.
தேநீரை ஊதி ஊதி,
"அடுத்த முறை அந்தத் தொப்பி மட்டும்..." என்று இழுத்து
என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்தார்.

நேற்று அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.

தேடினார்.
கழற்றிய சட்டையைத் திரும்பக் கழற்றப் பார்த்தார்.
படுக்கைக்கு அடியில், குளியல் தொட்டியில்,
மிசோ சட்டிக்குள்.
குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை,
தாங்கிப் பிடித்தேன்.
நோட்டில் எழுதினேன்: பத்து ஐந்திலிருந்து
பத்து ஐம்பது வரை.
நாற்பத்தைந்து நிமிடம்.
கையெழுத்து எனக்கே பிடிக்காத அளவு
திருத்தமாக இருந்தது.

இரவு அரிசி களையப் போனபோது
சமையலறை வாசலில் வந்து நின்றார், வெறுந்தலையோடு.
அப்பா, உட்காருங்கள்.
உட்காரவில்லை.
மேசையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்,
தேர்வு முடியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ,
முதுகை நிமிர்த்திச் சொன்னார்:

"இல்லாதது தொப்பி."

சரியான விடை.
அதை நான் நோட்டில் எழுதவில்லை.